சொட்டுகிற குழாயை வீட்டிலேயே செப்பனிடுதல்

மலைநாட்டில் ஜலத்திற்குக் குறைவே இராது என்று சமவெளியிலிருந்து வருகிறவர்கள் எண்ணுவதுண்டு. லவ்டேல் ஸ்டேஷனில் ரெயிலை விட்டிறங்கி, மூடுபனியையும் அதற்கப்பால் தெரியும் தேயிலைச் சரிவுகளையும் காண்கிறவருக்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆனால் இங்கேயே குடியிருக்கும் அங்கத்தினர்கள் மாசி, பங்குனி மாதங்களில் குடங்களை வரிசையில் வைத்துக்கொண்டு காத்திருப்பது இன்னதென்று அனுபவத்தில் அறிவார்கள். பெய்கிற மழை சரிவில் நில்லாமல் ஓடிவிடுகிறது. சோலைகளும் சதுப்பு நிலங்களும் பிடித்து வைத்திருக்கும் ஜலமே கோடையில் ஊற்றாகக் கசிந்து நம்மைக் காப்பாற்றுகிறது. உதகமண்டலம் நகரத்திற்கே பார்சன்ஸ் வேலி முதலிய நீர்த்தேக்கங்களிலிருந்து ஜலத்தைப் பம்பு செய்து கொண்டுவர வேண்டியிருக்கிறது. ஆகவே மேட்டுத் தொட்டியில் வந்து சேரும் ஒவ்வொரு குடம் ஜலத்திற்கும் பின்னால் மின்சாரச் செலவும் ஆட்கூலியும் உண்டு என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு பிரயாசையுடன் வந்த ஜலம், வீட்டு வாசற்குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கீழே போவதை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. அது எவ்வளவு என்பதைப் பிறர் சொல்லக் கேட்டு நம்புவதைவிட நாமே அளந்து பார்ப்பது சிலாக்கியம். குழாயை வழக்கம்போல் மூடிவிட்டு, அதன் கீழே கால் லிட்டர் பிடிக்கும் டம்ளர் ஒன்றை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளவும். டம்ளர் அரை மணியில் நிரம்புமானால் மணிக்கு அரை லிட்டர், நாளொன்றுக்கு 12 லிட்டர் வீணாகிறது என்று அர்த்தம். வருஷத்திற்குக் கணக்கிட்டால் 4,380 லிட்டர் ஆகிறது. 2019-ஆம் ஆண்டில் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், கிராமவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறார்கள். ஐந்து வீட்டுக் குழாய்கள் மேற்கண்டபடி சொட்டினால் 60 லிட்டர் போகிறது; அதாவது ஓர் ஆளின் ஒரு நாளைய பங்கு முழுவதும் போய், அதற்கு மேலும் போகிறது. நாற்பது வீடுகள் உள்ள ஊரில் பாதிக் குழாய்கள் சொட்டினால் என்னவாகும் என்பதை அங்கத்தினர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சமவெளியில் இந்த நஷ்டம் பெரும்பாலும் சொட்டவிட்டவர் தலையிலேயே விழுகிறது. சரிவில் அப்படியில்லை. லவ்டேலுக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திற்குச் சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, மேல் வரிசை வீட்டுக்காரர்களும் கீழ் வரிசை வீட்டுக்காரர்களும் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாமல் உட்கார்ந்திருந்ததைக் கண்டேன். விசாரித்ததில், காலையில் கீழ் வரிசைக்கு ஜலம் தாராளமாக வருகிறதென்றும், மேல் வரிசையில் நூலாக வந்து அரை மணியில் நின்றுபோகிறதென்றும், வால்வு திறக்கும் ஆள் பட்சபாதம் காட்டுகிறான் என்றும் சொன்னார்கள். பொழுது சாய்ந்தபின் கீழ் வரிசையில் நடந்து பார்த்தோம். பதினோரு குழாய்களில் ஏழு சொட்டிக்கொண்டிருந்தன. இரண்டில் சொட்டு என்று சொல்லவும் கூடாது, மெல்லிய தாரையாகவே ஒழுகிற்று. ஊரார் உறங்கும்போது மேட்டுத் தொட்டி உறங்காமல் கீழ் வரிசை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் தொட்டியில் ஜலமட்டம் தாழ்ந்திருக்க, முதலில் வறண்டது மேல் வரிசைதான். வால்வு திறக்கிறவர் மீது குற்றம் ஒன்றும் இல்லை.

மலைச்சரிவில் குழாய்கள் ஏன் சீக்கிரம் கெடுகின்றன என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. ஜலம் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம் உண்டாகிறது. சமவெளி வீட்டில் மொட்டைமாடித் தொட்டிக்கும் குழாய்க்கும் உள்ள உயரம் நாலைந்து மீட்டர்தான். ஆகையால் அங்கே அழுத்தம் அரை கிலோவைத் தாண்டுவது அரிது. நம்முடைய தொட்டியோ மேட்டிலும், கடைசி வீடு அறுபது மீட்டர் பள்ளத்திலும் இருக்கக்கூடும். அப்போது 6 கிலோ அழுத்தம். அரை அங்குல வாய் உள்ள குழாயில் அந்தச் சிறு வட்டத்தை மட்டும் சுமார் ஏழரை கிலோ பாரத்தோடு ஜலம் இரவும் பகலும் தள்ளிக்கொண்டிருக்கும். லவ்டேல் ஸ்டேஷனும் அதற்குக் கீழேயுள்ள கேத்தி ஸ்டேஷனும் உயரத்தில் சுமார் 100 மீட்டர் வேறுபடுகின்றன. இவ்விரண்டையும் இடையில் எங்கும் முறிக்காமல் ஒரே பைப்பால் இணைத்தால் கேத்தியில் 10 கிலோ அழுத்தம் இருக்கும் என்பதிலிருந்து நம் சரிவுகளின் வலிமையை ஊகிக்கலாம்.

இதற்குப் பரிகாரமாகச் சிலர் வீட்டுக்கு வெளியேயுள்ள கேட் வால்வைப் பாதி மூடி வைக்கிறார்கள். ஜலம் ஓடும்போது வேகம் குறைவது உண்மையே. ஆனால் குழாயை மூடியதும் ஓட்டம் நின்றுவிடுவதால், பாதி மூடிய வால்வைத் தாண்டியும் அழுத்தம் முழுவதும் வந்து நிற்கும். வாஷருக்கு யாதொரு சுகமும் இல்லை. அழுத்தத்தை மெய்யாகவே குறைக்க வேண்டுமானால் சரிவின் நடுவில் சிறு தொட்டி கட்டி, ஜலத்தை அதில் விழச்செய்து, அங்கிருந்து மறுபடியும் பைப்பில் இறக்க வேண்டும். அது பஞ்சாயத்து செய்யவேண்டிய வேலை. வாஷரை மாற்றுவது நாம் செய்யக்கூடியது.

நமது வீடுகளில் பெரும்பாலும் உள்ளது பலமுறை திருகி மூடும் பித்தளைக் குழாய். இந்த ஏற்பாடு புதிதன்று. இங்கிலாந்தில் ரோதர்ஹாம் என்னும் ஊரில் கெஸ்ட் அண்டு கிரைம்ஸ் கம்பெனியார் 1845-ஆம் ஆண்டிலேயே இதைச் செய்யத் தொடங்கினார்கள். அதன் உள்ளமைப்பு மிகவும் எளிது. குழாயின் உடலுக்குள் குறுக்குத் தட்டு ஒன்றும், அதில் வட்டமான வாய் ஒன்றும் உண்டு. அந்த வாயின் விளிம்பைப் பீடம் என்று வைத்துக்கொள்வோம். ஜலம் கீழிருந்து அந்த வாய் வழியாக மேலே வந்து வெளியேறுகிறது. கைப்பிடியைத் திருகும்போது மரையுள்ள தண்டு இறங்கி, நுனியில் உள்ள சிறு பித்தளைக் குமிழைப் பீடத்தின் மேல் அழுத்துகிறது. கடைக்காரர்கள் இதை ஜம்பர் என்பார்கள். பித்தளையும் பித்தளையும் இடைவெளியின்றிப் பொருந்தா. ஆகையால் குமிழின் அடியில் ரப்பர் வில்லை ஒன்று வைத்திருக்கிறார்கள். அதுவே வாஷர். முற்காலத்தில் தோலால் செய்திருந்தார்கள். வாஷர் தேய்ந்தாலும், இறுகிப் பிளந்தாலும், குழாய் சொட்டத் தொடங்கும்.

குழாய் எங்கிருந்து ஒழுகுகிறது என்று பார்த்த பிறகே ஸ்பேனரைக் கையிலெடுக்க வேண்டும். மூடியபின் வாய் வழியாகச் சொட்டினால் வாஷர் அல்லது பீடம் கெட்டது. திறந்திருக்கும்போது கைப்பிடியின் அடியில் தண்டைச் சுற்றிக் கசிந்தால் கிளாண்டு கெட்டது. குழாய் சுவரோடு சேரும் மரையில் கசிந்தால் அது வேறு வேலை. முதலாவதே அதிகமாதலால் அதை விரிவாகச் சொல்லுகிறேன்.

முதலில் வீட்டுக் கேட் வால்வை மூடுக. தனி வால்வு இல்லாத வீட்டார், டேங்க் ஆபரேட்டரிடம் சொல்லி, ஜலம் விடாத நேரத்தில் வேலையை வைத்துக்கொள்ள வேண்டும். ஜலம் பாயும்போது தலைப்பகுதியைக் கழற்றினால் மறுபடி மாட்டுவது இயலாத காரியம். பின்பு குழாயைத் திறந்து பைப்பில் தங்கிய ஜலத்தை வடியவிடுக. கீழே சாக்கடைத் துவாரம் இருந்தால் அதில் ஒரு கந்தையை அடைத்து வைப்பது முன்ஜாக்கிரதை. சிறு திருகாணி அதில் விழுந்தால் அன்றைய வேலை அதோடு முடிந்தது.

இப்போது தலைப்பகுதியின் அறுகோண மரையில் ஸ்பேனரைப் பொருத்தி, இடப்புறமாகத் திருகிக் கழற்றவும். இதைச் செய்கையில் மறு கையால், அல்லது துணி சுற்றிய பைப் ரிஞ்சால், குழாயின் உடலை அசையாமல் பிடித்துக்கொள்வது அவசியம். பிடிக்காவிட்டால் தலைப்பகுதிக்குப் பதிலாகக் குழாய் முழுவதுமே சுவரிலிருந்து திரும்பி, உள்ளிருக்கும் பழைய பைப்பின் மரை முறிந்துபோகும்; ஒரு வாஷருக்காகத் தொடங்கிய வேலை கொத்தனாரை அழைப்பதில் முடியும். தலைப்பகுதி வெளிவந்ததும் ஜம்பரும் அதோடு வரலாம், அல்லது உள்ளேயே தங்கிவிடலாம். பழைய வாஷரை அப்புறப்படுத்துக. சிலவற்றில் அது சிறு மரையால் பிடிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் வெறுமே செருகியிருக்கும், திருப்புளி முனையால் நெம்பினால் வந்துவிடும்.

பழைய வாஷரைத் தூர எறியாமல் கையில் வைத்து நன்றாகப் பார்க்க வேண்டும். நோய் இன்னதென்று அதுவே சொல்லும். வட்டமாக ஒரே சீராகப் பள்ளம் விழுந்திருந்தால் அது முதுமை; புது வாஷர் போட்டால் நெடுநாள் உழைக்கும். ஓரிடத்தில் மட்டும் கீறலாக வெட்டுண்டிருந்தால் பீடத்தில் குறை இருக்கிறது. சுண்டுவிரலைக் குழாயினுள் விட்டுப் பீடத்தின் விளிம்பை மெல்லத் தடவிப் பார்க்கவும். வழவழப்பாக இருந்தால் நல்லது. நகத்தில் தட்டும்படி பள்ளமோ பிசிரோ இருந்தால், புது வாஷரும் சில வாரங்களில் வெட்டுண்டு போகும். இந்தப் பள்ளம் எப்படி உண்டாகிறதென்றால், சொட்டு என்று நாம் அலட்சியம் செய்த அந்த ஜலமே மயிரிழை இடைவெளியில் மிகுந்த வேகத்தோடு பாய்ந்து, கூட வரும் பொடிமணலின் துணையோடு பித்தளையை அரித்துவிடுகிறது. ஆகையால் சொட்டத் தொடங்கிய வாரத்தில் வாஷர் மாற்றுகிறவருக்கு வாஷரின் விலையோடு போகிறது. ஆறு மாதம் பொறுத்தவர் குழாயையே வாங்க வேண்டியிருக்கிறது. பீடத்தைச் சமமாகச் சீவும் கருவி பிளம்பர்களிடம் உண்டு; குழாய் கனமானதாயிருந்தால் அவரைக்கொண்டு சீவச் செய்யலாம். மெல்லிய மலிவுக் குழாய்க்கு அந்தக் கூலி தகாது.

புது வாஷர் பழையதின் அளவாகவே இருக்க வேண்டும். கடைக்குப் போகும்போது பழையதையும் எடுத்துச் செல்க. அரை அங்குலக் குழாய், முக்கால் அங்குலக் குழாய் என்று இரண்டு அளவுகள் நம்மிடம் வழங்குகின்றன. ஒரு வாஷரின் விலை ஒரு குவளைத் தேநீரின் விலைக்கு மேற்போகாது. உடனே கிடைக்காவிட்டால் பழையதையே புரட்டிப் போட்டு இரண்டொரு நாள் ஓட்டலாம். சைக்கிள் ட்யூபில் வெட்டிப் போடுகிறவர்களும் உண்டு. அது மிகவும் மெல்லியது, நம் சரிவின் அழுத்தத்தில் பிதுங்கிப்போகும். பழைய டயரில் வெட்டியது அதைவிட மேல். எதுவாயினும் ரப்பரின் மேல் மண்ணெண்ணெயோ வண்டி கிரீஸோ தடவலாகாது. அவை ரப்பரை உப்பச் செய்து கெடுத்துவிடும்.

திரும்ப மாட்டும்போது பலர் கவனியாத ஒரு விஷயம் உண்டு. கைப்பிடியைத் திறந்த நிலையில், தண்டு மேலேறியிருக்கும்படி வைத்துக்கொண்டே தலைப்பகுதியைத் திருக வேண்டும். தண்டு இறங்கியிருக்க அப்படியே ஸ்பேனரால் முறுக்கினால், புது வாஷர் முதல் நாளே பீடத்தில் நசுங்கும். மாட்டியானதும் குழாயைச் சற்றே திறந்து வைத்து, கேட் வால்வை மெல்ல மெல்லத் திறக்கவும். திடீரென்று திறந்தால் ஜலம் பைப்பில் சம்மட்டிபோல் மோதும். காற்றெல்லாம் சீறி வெளியேறி ஜலம் சீராக வந்தபின் குழாயை மூடிப் பார்க்கலாம்.

மூடுவதற்கு இரண்டு விரல் பலம் போதும். பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்குவதே நம் வீடுகளில் குழாய்கள் கெடுவதற்கு முதற்காரணம் என்பது என் அபிப்பிராயம். சொட்டுகிறது என்று முறுக்க, முறுக்கினபடியால் வாஷர் பிளக்க, பிளந்தபடியால் அதிகம் சொட்ட, மறுபடி முறுக்குகிறார்கள். வீட்டில் பலசாலியாக உள்ள பிள்ளைகளிடம் இதைத் தனியாகச் சொல்லி வைப்பது நலம்.

கிளாண்டில் கசிந்தால், தண்டைச் சுற்றியுள்ள சிறு மரையைக் கால் சுற்று இறுக்கிப் பார்க்கவும். அதிலும் நில்லாவிட்டால் அந்த மரையைக் கழற்றி, தண்டைச் சுற்றி மெழுகிட்ட பருத்தி நூலையோ, கயிறுபோல் முறுக்கிய டெஃப்லான் டேப்பையோ நாலைந்து சுற்றுச் சுற்றி மூடவேண்டும். சுவரோடு சேருமிடத்தில் கசிவிருந்தால் குழாயைக் கழற்றி, பழைய சணலையும் துருவையும் சுரண்டி, மரை முனை நம்மைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, கடிகாரமுள் செல்லும் திசையில் டேப்பைப் பத்துச் சுற்று அளவில் இழுத்துச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் மாட்டும்போது உரிந்துவிடும். முன்னாளில் சணலோடு ஈய வெள்ளையைப் பூசுவது வழக்கம். ஈயம் விஷமாதலால் குடிநீர்க் குழாய்க்கு அது கூடவே கூடாது.

இப்போது பல வீடுகளில் கால் சுற்றில் திறந்து மூடும் குழாய்கள் வந்திருக்கின்றன. இவற்றில் வாஷர் இல்லை. வழவழப்பான இரண்டு பீங்கான் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்து வழியை அடைக்கின்றன. மணல் சிக்கினால் சொட்டும். உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜைக் கழற்றிச் சுத்த ஜலத்தில் அலசி மாட்டினால் சில சமயம் சரியாகும். இல்லையேல் முழுவதையும் மாற்ற வேண்டியதே. தண்டிலுள்ள பற்களின் எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுவதால் பழையதைக் கையோடு கொண்டுபோய் வாங்குக. கலங்கல் ஜலம் வரும் ஊர்களுக்குப் பழைய திருகுக் குழாயே ஏற்றதென்று சொல்வேன்.

ஒழுகலில் சுகாதார விஷயமும் ஒன்றுண்டு. நாள் முழுவதும் ஜலம் விடாத ஊர்களில், ஜலம் நின்றதும் பைப் காலியாகி உள்ளே உறிஞ்சும் தன்மை உண்டாகிறது. அப்போது கசிவுள்ள இணைப்பு சாக்கடை ஓரமாக இருந்தால், வெளியிலுள்ள அழுக்கு ஜலம் அந்தக் கசிவு வழியாகவே உட்புகுந்து, மறுநாள் முதற்குடத்தில் வந்து சேரும். வயிற்றுப்போக்கும் மஞ்சட்காமாலையும் இப்படிப் பரவக்கூடும். வாசற்படியில் சொட்டும் குழாய் பாசி பிடிக்கச் செய்து வயோதிகர்களை வழுக்கி விழச் செய்வதும் நம் ஊர்களில் சாதாரணம்.

இனிக் கருவிகளைப் பற்றி. நடுத்தர அளவில் ஒரு பைப் ரிஞ்சு, திருகி அளவு மாற்றும் ஸ்பேனர் ஒன்று, திருப்புளி, டேப் இரண்டு சுருள், இரண்டு அளவிலும் வாஷர்கள் ஒரு பொட்டலம் — இவ்வளவே வேண்டும். வருஷத்தில் ஒரு தரம் உபயோகமாகும் ஸ்பேனரை நாற்பது வீட்டாரும் தனித்தனியே வாங்குவது பணவிரயம். 1904-ஆம் ஆண்டில் திரூரில் நம் நாட்டின் ஆரம்பகாலச் சங்கங்களுள் ஒன்று ஏற்பட்டபோது கடன் கொடுப்பதே நோக்கமாயிருந்தது. பிற்காலத்தில் உரம், விதை, தேயிலை, பால் என்று சங்கங்கள் எத்தனையோ காரியங்களை மேற்கொண்டன. ஒரு கருவிப்பெட்டியைச் சங்கக் கட்டடத்தில் வைப்பதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. துணை விதிகள் இடங்கொடுத்தால் பொது நல நிதியிலிருந்து வாங்கலாம். இல்லையேல் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கலாம். ஆனால் பெட்டியின் உள்ளே இன்னின்ன இருக்கிறதென்று ஜாபிதா ஒட்டி, எடுத்தவர் பெயர், எடுத்த தேதி, திருப்பிய தேதி இவற்றைக் காரியதரிசி ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். தணிக்கைக்கு வருகிறவர்கள் சில்லறை விஷயம் என்று அந்த நோட்டைத் தள்ளிவிட மாட்டார்கள்.

மேலே சொன்ன கிராமத்தில் கீழ் வரிசை இளைஞர் இருவர் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஏழு குழாய்களையும் பார்த்தார்கள். ஐந்துக்கு வாஷர் போதுமாயிருந்தது. தாரையாக ஒழுகிய இரண்டும் பீடம் அரித்துப்போனபடியால் மாற்றப்பட்டன. மாதம் ஒரு முறை, இரவில், வரிசைக்கு ஒருவராக நடந்து பார்ப்பதென்று சங்கக் கூட்டத்தில் முடிவு செய்தார்கள். இரவில் பார்ப்பது ஏனென்றால், உபயோகம் குறைந்து அழுத்தம் ஏறும் அந்த நேரத்தில்தான் சிறு கசிவும் வெளிப்படும்; பகலில் நல்ல குழாய் போலிருப்பது அப்போது சொட்டும்.

மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் இரவுகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ஏழாயிரம் அடிக்கு மேற்பட்ட நம் பிரதேசத்தில் திறந்த வெளியிலுள்ள பைப்புகளுக்கு அந்த இரவுகள் சோதனையே. ஜலம் உறையும்போது அதன் பருமன் சுமார் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகுவதால், பைப்போ குழாயின் உடலோ வெடிக்க இடமுண்டு. குளிர் தேசங்களில் இதைத் தடுக்க இரவில் குழாயை வேண்டுமென்றே சொட்டவிடுவதுண்டு. நம் மலையில் குளிர் அவ்வளவு கடுமையாக நீடிப்பதில்லை. அதைக் காரணம் காட்டி ஒழுகலை விட்டுவைக்க வேண்டாம். தரைக்கு மேல் தெரியும் பைப்பில் சாக்குத்துணியை இறுகச் சுற்றி, நனையாதபடி அதன்மேல் பிளாஸ்டிக் தாளைக் கட்டினால் போதும். அல்லது படுக்கும் முன் கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து ஜலத்தை வடித்துவிடலாம். விடிந்தபின் குழாயில் ஜலம் வராவிட்டால் கொதிக்கிற ஜலத்தை ஊற்றலாகாது. பித்தளை விரிசல் காணும். குழாயைத் திறந்து வைத்து, கை பொறுக்கும் சூட்டிலுள்ள ஜலத்தை முதலில் குழாயின் வாய்ப்பக்கத்திலும், பிறகு சிறிது சிறிதாகப் பைப்பின் பின்புறம் நோக்கியும் ஊற்றிவர வேண்டும்.